ஆமைக்கு ஒரு கதிரவன்

இங்கிலாந்து நாட்டில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற இயற்கை நூலறிஞர் வாழ்ந்தார். அவருடைய அத்தை வளர்த்த ஆமையொன்று 1780-ஆம் ஆண்டில் அவரிடம் வந்து சேர்ந்தது. திமோத்தி என்பது அதன் பெயர். ஆண்பெயர்தான், அது பெண் என்பதோ இறந்த பின்னரே தெரிந்தது! இலையுதிர் காலத்தில் வெயில் மெலியுங்கால், அவ்வாமை தோட்டச் சுவரை அடைந்து, தன் ஓட்டை அதன்மீது சாய்த்துக் கதிர்களை ஏற்பதை அவர் கண்டு எழுதினார். தன் உடலில் போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர், அதனைத் தேடிச் சென்றே பெறுதல் வேண்டுமன்றோ?

இன்று அக்குளிர் நாட்டில் ஆமையை வீட்டினுள் வளர்ப்போர் விளக்கையே கதிரவனாக்குகின்றனர். அதனைப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் அமைத்தல் வேண்டும். விளக்கின்கீழ் 30 முதல் 35 பாகை செல்சியசு வரை வெப்பம் இருக்க, மறுமுனை குளிர்ந்திருக்கும். வெம்மை மிகுந்தால் விலகவும், குறைந்தால் நெருங்கவும் ஆமைக்கு இடம் கிடைக்கும்.

சூடு மட்டும் போதும் என்று எண்ணுவோர் உளர். தீங்கு நேர்வது அங்கேதான். புறஊதாக் கதிர் படாவிடில் தோலில் 'டி' உயிர்ச்சத்து உண்டாகாது. அஃதின்றேல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராது. நாளடைவில் ஓடு மென்மையுற்று உருக்குலையும். சாளரத்தருகே வைத்தலும் பயன்தராது. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆகவே அக்கதிரை வீசும் விளக்கும் தேவை. அவ்விளக்கோ ஒளி குன்றாமலே ஆற்றல் குன்றுவது. எரிகின்றதே என்று மாற்றாதிருப்பவர் ஏமாறுவர்.

இரவில் விளக்குகளை அணைத்துவிடுவர். காலையில் அவை எரியத் தொடங்கியதும், ஆமை மெல்ல ஊர்ந்து வந்து, கால்களை நீட்டிக்கொண்டு அவ்வொளியிற் படுத்துக் கிடக்கும்.