மஞ்சள் வந்த வழி

ரோசாவுக்கு மஞ்சள் எளிதில் வாய்த்த நிறமன்று. உலகில் ஏறத்தாழ 150 காட்டு ரோசா இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூப்பவை. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மிகச் சில இனங்களுக்கே உண்டு. அவையும் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் தொடங்கி வடசீனம் வரை நீளும் வறண்ட மேட்டுநிலங்களைச் சேர்ந்தவை. ஐரோப்பியத் தோட்டங்களில் பூத்த மஞ்சள் ரோசாக்கள் எல்லாவற்றிலும் ஓடுவது ஆசிய நிறம்.

திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே இருக்கும் புல்மோட்டை, ரோசாவுக்குப் பெயர்போன ஊர் அல்ல. அதன் பெயர் கரிய கடற்கரை மணலால் வெளியே தெரிந்தது. இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் அந்த மணலில் செறிந்திருக்கின்றன. மஞ்சள் ரோசாவின் பூர்வீகத்தைத் தேடுபவர் இந்த ஊரிலிருந்து புறப்படுவதற்குக் காரணம் இங்கே ஒரு முற்றத்தில் நிற்கும் பூச்சட்டிதான். மலைநாட்டிலிருந்து வந்த ஒட்டுக்கன்று அது. விடியும்போது விரியும் பூ, முட்டைக் கருவின் நிறம். பகல் பதினொரு மணிக்குள் வெளியிதழ்களின் ஓரம் கடதாசிபோல் வெளிறும். மறுநாள் பூ யானைத்தந்தத்தின் நிறத்துக்கு வந்துவிடும். “வெள்ளைக்குச் சாயம் போட்டு வித்துட்டாங்க” என்பது அண்டை வீட்டுக்காரரின் தீர்ப்பு.

விற்றவர் மீது பழியில்லை. சிவப்பு ரோசாவின் நிறம் அந்தோசயனின் என்ற பொருளால் வருவது. அது கலச்சாற்றில் கரைந்திருக்கும். மஞ்சள் ரோசாவின் நிறம் கரோட்டினோயிட்டு வகையைச் சேர்ந்தது. கரட்டையும் மாம்பழத்தையும் பப்பாசியையும் மஞ்சளாக்கும் அதே குடும்பம். இது சாற்றில் கரையாமல் கலத்தினுள் தனி உறைகளில் தங்கும். இதழ் முதிர முதிர நொதியங்கள் இதனை உடைக்கும்; கடும் ஒளியும் வெப்பமும் சேர்ந்தால் உடைவது விரைவாகும். உடைந்த துண்டுகளில் சில காற்றில் கலந்து வாசனையாகின்றன. ரோசாவுக்குரிய நறுமணப் பொருள்களில் ஒரு பகுதி இப்படிக் கரோட்டினோயிட்டு சிதைந்து பிறந்தவை. மஞ்சளின் வெளிறல் முழுநட்டமும் அல்ல.

மஞ்சள் மறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. கடையில் வாங்கும் கன்றுகளில் பெரும்பாலானவை ஒட்டுக்கட்டியவை. வேர்ப்பகுதி முரட்டு இனம் ஒன்றினுடையது, மேற்பகுதி பெயருள்ள வகை. ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு தளிர் கிளம்பி வீரியமாக வளர்ந்தால் மேலுள்ள வகை நலிந்து பட்டுப்போகும். மஞ்சள் பூத்த மரத்தில் இரண்டு வருடம் கழித்துக் கொத்துக்கொத்தாகச் சிறு பூ பூத்தால், மண் நிறத்தை மாற்றிவிட்டது என்பார்கள். மண் மாற்றவில்லை, வேர் வென்றுவிட்டது. அடியிலிருந்து வரும் தளிரைக் கத்தரிக்கோலால் வெட்டினால் மீண்டும் முளைக்கும். மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்தோடு பிய்த்தெடுக்க வேண்டும்.

இனி மூதாதையர். முதலில் நிற்பது ரோசா ஃபெடிடா. காக்கேசஸ், மேற்காசிய மலைச்சரிவுகள் அதன் இடம். ஐந்து இதழ், சுத்தமான மஞ்சள், மெல்லிய நேரான முள். பெயரில் உள்ள ஃபெடிடாவுக்கு நாறுவது என்று பொருள். முகர்ந்தவர்கள் மூட்டைப்பூச்சி நசுங்கிய வாடை என்றிருக்கிறார்கள். ரோசா இனத்தில் இத்தனை அழகான நிறம் இப்படியொரு வாடையோடு வந்தது இயற்கையின் குறும்பு. இதன் மாறுவகை ஒன்றில் இதழின் உட்புறம் செம்புச் சிவப்பு, வெளிப்புறம் மஞ்சள். அந்தச் செடியில் சில வேளை ஒரு கிளை மட்டும் முழு மஞ்சளாகப் பூத்துத் தன் பழைய உருவத்தைக் காட்டிக்கொடுக்கும். அரபு உலகம் மஞ்சள் ரோசாவை முன்னமே அறிந்திருந்தது. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னு அல் அவ்வாம் தம் வேளாண் நூலில் அதைக் குறிக்கிறார்.

அடுத்தது கந்தக நிற ரோசா ஹெமிஸ்ஃபெரிகா. பல இதழ் அடுக்கிய, கனத்துத் தலைகவிழும் பூ. ஐரோப்பாவுக்கு இது வந்த கதை வேடிக்கையானது. தாவரவியலாளர் குளூசியஸ் இதை முதலில் செடியாகக் காணவில்லை. துருக்கியிலிருந்து வியன்னாவுக்கு வந்த கடதாசித் தோட்ட மாதிரியில் மஞ்சள் அடுக்கு ரோசாவைப் பார்த்து, அதற்குப் பின்னர்தான் உயிருள்ள செடியைத் தேடினார். ஆனால் ஐரோப்பிய ஈரத்தில் அதன் மொட்டு விரியாமலே அழுகியது. வறட்சி கேட்கும் பூவை மழைநாட்டில் வைத்தால் வேறென்ன ஆகும்?

பாரசீகத்தில் மனிதர் தேர்ந்தெடுத்த ஃபெடிடா ஒன்று அடுக்கு இதழ் கொண்டது. 1837 வாக்கில் ஹென்றி வில்லொக் என்ற ஆங்கிலேயத் தூதுவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ‘பேர்சியன் யெலோ’ என்ற பெயர் அங்கே ஒட்டியது. மஞ்சளைத் தோட்ட ரோசாவுக்குள் செலுத்தப்போகும் கதவு இதுதான். ஆனால் கதவு எளிதில் திறக்கவில்லை. ஃபெடிடாவின் மகரந்தம் வலுவற்றது. கலப்பில் விதை சிக்குவது அரிது.

மற்றொரு பாதை சீனத்திலிருந்து வந்தது, வெளிர் மஞ்சள் பாதை. லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகச் சீனம் சென்ற ஜோன் டம்பர் பார்க்ஸ், 1824இல் தேயிலை வாசமுள்ள வெளிர்மஞ்சள் ரோசாவையும், முள்ளே இல்லாத கொடியான மஞ்சள் பாங்க்ஸ் ரோசாவையும் கொண்டுவந்தார். அந்தத் தேயிலை ரோசாவின் பிறப்பு எங்கே என்ற கேள்விக்கு விடை இந்தியாவின் வடகிழக்கு மூலையிலும் பர்மாவிலும் கிடந்தது. 1882இல் ஜோர்ஜ் வாட் மணிப்பூர் மலையில் கண்ட ரோசாவும், 1888இல் கொலெற் பர்மாவின் ஷான் மலையில் கண்டதும் ஒன்றே. ரோசா ஜைஜான்டியா. பெருமரங்களின் மேல் படர்ந்து ஏறும் கொடி. மொட்டு வெளிர் மஞ்சள், விரிந்தால் பாலாடை நிறம். காட்டு ரோசாக்களில் இதைவிடப் பெரிய பூ இல்லை. சீனத்து ரோசாவோடு இது கலந்ததில் தேயிலை ரோசாக்கள் பிறந்தன. சீனத்திலிருந்து போன ரோசாக்கள் கல்கத்தாவின் தாவரத் தோட்டத்தில் தங்கி மேற்கே சென்றதால் ஐரோப்பியர் பலர் அவற்றை வங்காள ரோசா என்றே அழைத்தனர். இந்தத் தேயிலை வழியில் வந்தது 1864இல் பிரான்சில் வெளியான ‘மரேஷால் நீல்’, அக்காலத்து மஞ்சள் ரோசாக்களில் மிகப் புகழ்பெற்றது. 1910இல் வந்த ‘லேடி ஹில்லிங்டன்’ இன்றும் வெப்பநாட்டுத் தோட்டங்களில் தாக்குப்பிடிக்கிறது.

சீனப் பாதையின் மஞ்சள் மென்மையானது. மாங்கனி நிறத்தை அது தரவில்லை. அதற்குத்தான் பிரான்சின் லியோன் நகரத்து யோசெஃப் பெர்னே டூஷே, பேர்சியன் யெலோவின் மகரந்தத்தை எடுத்து, நூற்றுக்கணக்கான பூக்களில் விடாமல் தடவினார். 1880களில் தொடங்கிய வேலை. கிடைத்த விதை கொஞ்சம், முளைத்தது அதனினும் கொஞ்சம். 1900இல் அவர் வெளியிட்ட ‘சொலேய் டோர்’, பொற்கதிரவன், செம்மஞ்சள் நிறமுடையது. முழு மஞ்சள் ‘ரேயோன் டோர்’ என்ற பெயரில் 1910இல் வந்தது. இன்றைய மஞ்சள், செம்மஞ்சள், செம்பு நிறத் தோட்ட ரோசாக்களில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கே போய் முடியும். புல்மோட்டைப் பூச்சட்டியின் செடியிலும் இலை மெழுகு பூசியதுபோல் மினுங்குகிறது. அந்த மினுக்கும் ஃபெடிடா வழி வந்த சீதனம்.

சீதனத்தோடு நோயும் வந்தது. இலையில் வட்டக் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளித்து உதிரும் பூஞ்சண நோய்க்கு ஃபெடிடா சுலபத்தில் ஆளாகும். அதன் பலவீனம் வழிவந்தவற்றிலும் பரவியது. வறண்ட மலைச்சரிவில் இலை ஈரமாவதே அபூர்வம். அங்கே எதிர்ப்பு வலு தேவைப்படவில்லை. புல்மோட்டையில் ஐப்பசி முதல் தை வரை மாரி பெய்யும்போது செடி மொட்டையாகிப் போவதும், வைகாசிக்குப் பின் கச்சான் காற்று அடிக்கும்போது பூ வெளுப்பதும் ஒரே பரம்பரையின் இரண்டு முகங்கள். இலை கொட்டிய செடியைக் கண்டு உப்புத் தண்ணீரைக் குறைசொல்கிறார்கள். உப்புக்கும் பங்குண்டு, கடலோரக் கிணறு பல வீடுகளில் உவர்க்கிறது, ரோசா உவரைப் பொறுக்காது. ஆனால் இலையில் புள்ளி இருந்தால் குற்றவாளி உவர் அல்ல.

பெர்னே டூஷேயின் கதைக்கு இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. அவருடைய மகன்மார் இருவரும் முதல் உலகப்போரில் மாண்டனர். 1920இல் அவர் வெளியிட்ட மஞ்சள் ரோசாவுக்கு மூத்தவரின் நினைவாக ‘சூவெனிர் டு குளோடியஸ் பெர்னே’ என்று பெயர் வைத்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1945 ஏப்ரல் 29 அன்று, அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் மெய்லாந்தின் ஒரு ரோசாவுக்கு ‘பீஸ்’, அமைதி, எனப் பெயர் சூட்டினார்கள். வெளிர் மஞ்சளின் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஏறிய பெரிய பூ. அதன் பதிவான வம்சாவளியில் போரில் மாண்ட மகனின் பெயர்கொண்ட அந்த ரோசாவும் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபை உருவான மாநாட்டுக்கு வந்த தூதுக்குழுக்களுக்கு இந்தப் பூவைக் கொடுத்தனர்.

பண்பாட்டில் மஞ்சள் ரோசாவுக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் மேற்கத்தேய மலர்மொழி நூல்கள் அதைப் பொறாமைக்கும் மாறிய மனதுக்கும் அடையாளமாக்கின. இன்றைய பூக்கடைகள் அதையே நட்பின் பூவாக விற்கின்றன. பொருள் பூவிலிருந்து வந்ததல்ல, விற்பனையிலிருந்து வந்தது என்று சொன்னால் பெரிய தவறாகாது.

தமிழில் நிலைமை வேறு. ரோசா என்ற சொல்லே போர்த்துக்கேயரோடு கடல்வழி வந்தது; தமிழ்நாடு ரோஜா என்கிறது, இலங்கை ரோசா என்று பழைய ஒலியோடு நிற்கிறது. பன்னீர் தெளிக்கும் வழக்கம் இந்துக் கோயிலிலும் உண்டு, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கல்யாண வீட்டிலும் உண்டு. ஆனால் பன்னீருக்கான பூ நெடிய வாசம் உள்ள இளஞ்சிவப்பு ரோசா. மஞ்சளுக்கு அதில் வேலையில்லை. மாலைக்கு மஞ்சள் வேண்டும்போது செவ்வந்தி இருக்கிறது. சிவனுக்குக் கொன்றை இருக்கிறது. வேலிக்குப் பூவரசு இருக்கிறது. அதன் மஞ்சளும் மாலைக்குள் செந்நிறமாக மாறிவிடும். மங்கல நிறத்துக்கான இருக்கைகள் எல்லாம் நிரம்பியிருந்த வீட்டுக்குப் பிந்தி வந்த விருந்தாளி மஞ்சள் ரோசா. அதனால்தான் அது கோயில் கூடைக்குள் போகாமல் முற்றத்துப் பூச்சட்டியில், அலங்காரமாக, நின்றுவிட்டது.

புல்மோட்டை மணலில் எந்த உபசாரமும் கேளாமல் பூக்கும் மஞ்சள் ‘ரோசா’ ஒன்று உண்டுதான். பத்துமணிப்பூ. தமிழ்நாட்டில் டேபிள் ரோஸ் என்பார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் சதைப்பற்றுச் செடிக்கும் ரோசாவுக்கும் உறவே கிடையாது. இதழ் அடுக்கு மட்டும் ஒற்றுமை. பாலைவன ரோசா என்று விற்கப்படும் அடீனியம் அரளியின் உறவு. இரண்டும் பெயரை மட்டும் இரவல் வாங்கியவை. வெயிலுக்கு அஞ்சாத மஞ்சள் வேண்டுவோருக்கு இவை போதும்.

உண்மையான ரோசாதான் வேண்டும் என்பவர், மஞ்சளின் இரண்டு பாதைகளில் வெப்பம் தாங்கும் பாதை எது என்று பார்க்க வேண்டும். அது தேயிலை ரோசா, ஜைஜான்டியா பாதை. இதை நெடுங்காலம் கையில் எடுத்தவர் கொடைக்கானலைச் சேர்ந்த எம். எஸ். வீரராகவன். ஆந்திராவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, 1980இல் பதவியை விட்டு, துணைவியார் கிரிஜாவோடு மலையில் குடியேறி ரோசா வளர்ப்பில் இறங்கினார். ஐரோப்பியக் குளிருக்காக உருவான வகைகளை வெப்பநாட்டில் வைத்து வருந்துவதைவிட, இந்தியாவின் சொந்தக் காட்டு ரோசாக்களைக் கலந்து வெப்பநாட்டு ரோசாவை உருவாக்குவது என்பது அவர் வழி. மணிப்பூர்க் கொடியான ஜைஜான்டியாவையும், வங்கச் சமவெளியின் ஈரநிலங்களில் வளரும் ரோசா கிளினோஃபில்லாவையும் அவர் பயன்படுத்தினார். சரோஜினி நாயுடுவின் கவிதை நூலின் பெயரால் ‘கோல்டன் திரெஷோல்ட்’ என்று அவர் வெளியிட்ட ரோசா வெளிர் மஞ்சள் கொடி. ஒரு மஞ்சள் பாரசீகம், லியோன் என்று சுற்றிப் போனது; மற்றது மணிப்பூர் வழியாகத் தமிழ்நாட்டு மலைக்கு வந்தது.

புல்மோட்டைப் பூச்சட்டிக்கு உடனே செய்யக்கூடியவை சில. பகல் பத்து மணிக்குப் பின் கிடுகு நிழல் வேண்டும். தண்ணீரை இலையில் அல்ல, அடியில், காலையில் ஊற்ற வேண்டும். மாரியில் சட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்த வேண்டும். உதிர்ந்த புள்ளி இலைகளைச் சட்டியில் விடாமல் எடுத்து எரிக்க வேண்டும். கடற்கரை மணலைச் சட்டியில் இடக்கூடாது. எருவும் செம்மண்ணும் போதும். கச்சான் மாதங்களில் பூ வெளுப்பதை மட்டும் எதுவும் முழுதாக நிறுத்தாது.

அந்தச் சட்டியின் செடிக்கு என்ன பெயர் என்பது தெரியவரவில்லை. கழுத்தில் கட்டியிருந்த நீல அட்டையில் விற்றவர் எழுதியிருந்தது ஒரே சொல்: மஞ்சள். அடுத்த முறை கன்று வாங்குபவர்கள் நிறத்தோடு வகையின் பெயரையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.