சுராங்கனியும் ஆலிஸ் கோல்ட்ரேனும்

அப்பா இறந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டு ரேடியோவைப் பரண்மேல் ஏற்றினார்கள். ஏற்றியவர் என் பெரியப்பா. அவரை யாரும் ஏற்றச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பாட்டு கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருடம் முடிந்தது, தலைத்திவசமும் கொடுத்தாயிற்று. ரேடியோவை இறக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "தாலியறுத்தவளுக்குப் பாட்டு ஒண்ணுதான் கொறச்சலா?" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு ஸ்டூல் போட்டால் பரண் எட்டும். நானும் இறக்கவில்லை.

பழவேற்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூநாரைகளும் டச்சுக்காரர்களின் கல்லறைகளும் நினைவுக்கு வரும். எங்களுக்கு முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடிவிட்டதா என்பதுதான் செய்தி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பங்களில் ஒன்று எங்களுடையது. இரவில் காற்று அடங்கியபின் இலங்கை வானொலி நன்றாக எடுக்கும். தமிழ் நிகழ்ச்சிகளை ஊரே கேட்கும். அம்மா அதோடு நிற்கமாட்டாள். முள்ளைக் கொஞ்சம் நகர்த்தி, சிங்களப் பாட்டு வருகிற இடத்தில் நிறுத்துவாள். ஒரு வார்த்தை புரியாது. அதிலும் அவளுக்குப் பிடித்தது பைலா. இறால் உரித்துக்கொண்டே அந்தத் துள்ளல் தாளத்துக்குத் தலையாட்டுவாள். சிலோன் மனோகரின் 'சுராங்கனி' வந்துவிட்டால் அப்பாவைப் பேசவிடமாட்டாள். "இன்னாத்த கண்டியோ அதுல" என்பார் அப்பா. அம்மா பதில் சொல்லமாட்டாள்.

போர்த்துக்கீசியரோடும் அவர்கள் அழைத்துவந்த ஆப்பிரிக்கர்களோடும் இலங்கைக் கரைக்கு வந்து, அங்கே ஊறி வேறொன்றாக மாறிய இசை பைலா என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பழவேற்காட்டிலும் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். அவர்கள் காலத்தில் தொடங்கிய மாதா கோயில் இன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் தேவைப்படவில்லை. அவளுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அப்பா போனதோடு ரேடியோ மட்டும் போகவில்லை. எங்கள் ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பொதுவான ஒன்றைச் சண்டையில்லாமல் மக்களே பங்கிட்டுக்கொள்வதற்கு நல்ல உதாரணம் என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்டு சரிதான். ஆனால் பாடு ஆண்களின் பெயரில்தான் வரும். எங்கள் வீட்டில் பெயர் எழுத ஆண் இல்லை. அம்மா அன்னக்கூடையைத் தலையில் எடுத்தாள். விடியற்காலையில் மடவையும் இறாலும் ஏலத்தில் எடுத்து, பொன்னேரி பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போய் விற்றுவிட்டு வருவாள். கூடை நாறுகிறது என்று ஏற்றாமல் போன பஸ்களும் உண்டு. அந்தக் காசில்தான் நான் படித்தேன்.

சென்னையில் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, நண்பர் ஒருவர் மூலம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஏழெட்டு ஆண்கள். ஒருவர் வீட்டு மாடியில் நல்ல ஸ்பீக்கர்கள் வைத்து ஜாஸ் கேட்பார்கள். எனக்கு அது புதிய உலகம். அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மாடியில் கேட்பதைவிட மார்க் போடுவது அதிகமாக நடந்தது. எது ஜாஸ், எது ஜாஸ் இல்லை, எந்த வருடம்வரை ஒருவர் ஒழுங்காக வாசித்தார், எப்போது கெட்டுப்போனார் என்று ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு உண்டு. முதல் நாளே என்னிடம், "உனக்குப் பிடித்த சாக்ஸபோன் எது?" என்று கேட்டார்கள். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்தது என்றேன். சிரித்தார்கள். இன்னொருவர் என் ஊரைக் கேட்டுவிட்டு, "பழவேற்காட்டுக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

பதினேழாம் நூற்றாண்டில் அதே பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டாக்கிய இசையைக் கேட்க எங்கள் ஊர்க்காரி யாரிடமும் சம்பந்தம் காட்ட வேண்டியதில்லை என்று இன்றானால் சொல்வேன். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் என்ன பாட்டு கேட்பீர்கள் என்று கேட்டபோது, "எங்கம்மாவுக்குப் பாட்டில் ஆர்வமில்லை" என்று சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

மெல்ல மெல்ல, அந்த இசைக்காரர்கள் தங்கள் வீட்டில் என்ன கேட்டார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். லூயி ஆம்ஸ்ட்ராங் தனக்குப் பிடித்த வாத்தியக் குழு என்று சொன்னது கய் லொம்பார்டோவின் குழுவை. ஜாஸ் ரசிகர்கள் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்கும் மெல்லிய நடன இசை அது. அவர் கேலிக்குச் சொல்லவில்லை, வாழ்நாள் முழுக்கச் சொன்னார். சார்லி பார்க்கர் மதுக்கடை இசைப்பெட்டியில் காசு போட்டு வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டுகளைக் கேட்பாராம். உடனிருந்த இசைக்காரர்கள் திகைத்துக் கேட்டபோது, அதில் வரும் கதைகளைக் கேளுங்கள் என்றாராம். நாட் ஹென்டாஃப் எழுதிய சம்பவம் இது. நினா சிமோன் ஆக விரும்பியது பாஹ் வாசிக்கும் கச்சேரிப் பியானோ கலைஞராக. மிங்கஸின் 1963ஆம் ஆண்டு இசைத்தட்டில் சாக்ஸபோனைக் கதறவிட்ட சார்லி மரியானோ, பிற்பாடு தென்னிந்தியாவுக்கு வந்து நாகஸ்வரம் கற்றுக்கொண்டார். 1983இல் வெளிவந்த 'ஜோதி' இசைத்தட்டில் பெங்களூரின் ஆர்.ஏ. ரமாமணி பாட, பக்கத்தில் நின்று வாசித்தார். அந்த மாடியில் சிரிப்பு மூட்டிய கத்ரி கோபால்நாத்தைத் தேடி வந்து, 2008இல் அவரோடு சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டை வெளியிட்டவர், அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா.

வாசிக்கிறவர்கள் பசித்த இடத்திலெல்லாம் சாப்பிட்டிருக்கிறார்கள். எச்சில், தீட்டு பார்த்ததெல்லாம் கேட்கிற நாங்கள்தான்.

இந்தத் தேடலில்தான் ஆலிஸ் கோல்ட்ரேனிடம் வந்து சேர்ந்தேன். மாடியில் அவர் பெயர் வந்தாலே ஒரு அலுப்பு வரும். "ஜான் கோல்ட்ரேனின் மனைவி" என்பார்கள், அல்லது "அவர் இசையைக் கெடுத்தவர்" என்பார்கள். 1937இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே தேவாலயத்தில் வாசித்தார், மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்தார், பாரிஸில் பட் பவல் என்ற பெரிய பியானோ கலைஞரிடம் கற்றார். 1967 ஜூலையில் ஜான் இறந்தபோது அவருக்கு வயது 29, வீட்டில் நான்கு குழந்தைகள். ஜான் உயிரோடிருந்தபோது ஒரு ஹார்ப்புக்குச் சொல்லிவைத்திருந்தார். சொல்லிவைத்தவர் போன பிறகுதான் அந்த யாழ் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆலிஸ் அதை மூலையில் வைக்கவில்லை. வாசிக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த வருடமே தன் பெயரில் முதல் இசைத்தட்டு வந்தது.

அதற்குப் பிறகு அவர் கையை வைத்ததெல்லாம் ரசிகர்கள் எதிர்பாராத இடங்கள். 1971இல் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அந்தச் சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துக்காரர். அமெரிக்கா போய் குருவானவர். பின்னாளில் சிஷ்யைகள் சிலர் அவர்மேல் பாலியல் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். அந்தப் பெயரை உச்சரிக்கும்போது அதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தட்டில் இருப்பது ஆலிஸின் ஹார்ப், தம்புராவின் சுருதி, செசில் மெக்பீயின் கனத்த பாஸ் நரம்பு, ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். 1972இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' பகுதியை எடுத்து வாசித்தார். கணவர் விட்டுப்போன பதிவுகளில் வயலின் குழுவைச் சேர்த்து வெளியிட்டபோது விமர்சகர்கள் கொதித்தார்கள். செத்தவரின் சொத்தில் கைவைக்க இவள் யார் என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம். ஜானோடு கடைசி வருடங்களில் மேடையில் பியானோ வாசித்ததும் இவர்தான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. பிறகு இசைக் கம்பெனிகளை விட்டு விலகி, கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பஜனைகளைத் தேவாலயப் பாட்டின் அடிநாதத்தோடு பாடி கேசட்டுகளாக வெளியிட்டார். 1982இல் வந்த 'துரியா சிங்ஸ்' கேசட்டில்தான் முதல்முறையாகத் தன் குரலில் பாடிப் பதிவு செய்தார். நாற்பதுகளின் நடுவில் இருந்த வயது.

அந்தக் கேசட்டைக் கேட்டபோது எனக்குப் பரண்மேல் இருந்த ரேடியோ ஞாபகம் வந்தது. அது அப்போது இல்லை. 2004 சுனாமியில் கூரையோடு போய்விட்டிருந்தது. புது வீட்டில் டிவி வந்தது. அம்மா சீரியல் பார்ப்பாள். பாட்டு வந்தால் மட்டும் எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போவாள். யாரும் போகச் சொல்வதில்லை. பழகிவிட்டது.

போன வருடம் பொங்கல் விடுமுறையில் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. கூடை எடுப்பதை விட்டுவிட்டாள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஹார்ப்பின் கதையைச் சொல்லிவிட்டு 'துரியா சிங்ஸ்' போட்டேன். புருஷனை இழந்தவள் பாடுவது புருஷனை இழந்தவளுக்குப் பிடிக்கும் என்பது என் கணக்கு.

"இன்னாடி இது, சாவுப் பூசை ஆர்மோனியம் மாதிரி இருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நாலு புள்ளைங்கள வெச்சுக்கினு சோத்துக்கு இன்னா பண்ணா?"

"பாட்டு போட்டுத்தான்மா."

"அவ ஊர்ல அவள வாசிக்க வுட்டாங்களா?"

"வாசிக்க வுட்டாங்க. ஆனா ரொம்ப ஏசுனாங்க."

"ஏசுனா ஏசிட்டுப் போறான். வுட்டாங்க இல்ல?"

என்னிடம் பதில் இல்லை. அம்மா இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"எனக்கு இது தூக்கமா வருது. வேற இல்லியா?"

'ஜர்னி' போட்டேன். சாக்ஸபோன் எழும்பியதும் நிமிர்ந்தாள். "இவன் யாரு? மாதா திருவிழா பேண்டுல ஊதுறவன் மாதிரி மூச்சக் குடுக்கறான். இவன் ஊதறதயே போடு." ஃபாரோ சாண்டர்ஸின் 1969ஆம் ஆண்டு 'கர்மா' என்னிடம் இருந்தது. முப்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டு அதில் உண்டு. நடுவில் சாக்ஸபோன் பிளிறும். அந்த இடத்தை நான் வழக்கமாகச் சத்தம் குறைத்துத்தான் கேட்பேன். அம்மா குறைக்க விடவில்லை. லியோன் தாமஸ் தொண்டையை உடைத்து உடைத்துப் பாடுகிற இடம் வந்ததும், "தொண்டையில இன்னாத்த வெச்சுக்கினு பாடறான் இவன்!" என்று சிரித்தாள். அவள் பாட்டு கேட்டுச் சிரித்ததை நான் பார்த்து முப்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது.

மாடியில் இருந்தவர்கள் என் காதுக்குப் போட்ட வேலியைத்தான் நான் அம்மாவுக்கும் போட்டிருந்தேன் என்று அப்போது உறைத்தது. விதவைக்கு அமைதியான பாட்டு, பக்திப் பாட்டு, துக்கம் தோய்ந்த பாட்டு. பெரியப்பா ரேடியோவைப் பரணில் வைத்தார். நான் அதை இறக்கி, ஒரே நிலையத்தில் முள்ளை வைத்துக் கட்டிவிட்டு, அம்மாவிடம் கொடுக்கப் பார்த்தேன்.

பாட்டு முடிந்ததும் அம்மா கையைக் கழுவினாள். ஸ்பீக்கரை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"இதுல சுராங்கனி இருக்குதா?"

இருந்தது. போட்டேன். பாடவில்லை, தலையாட்டவும் இல்லை. ஈர விரல்கள் மட்டும் அலுமினியப் பாத்திரத்தின் விளிம்பில் தாளம் போட்டன. தெருவில் போன பெரியப்பா மகன் நின்று எட்டிப் பார்த்தான்.

"இன்னா சித்தி, வூட்ல கொண்டாட்டமா?"

பழக்கத்தில் என் கை ஸ்பீக்கரை நோக்கிப் போனது.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.