தொட்டுக்க... கொரியா!

திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் போற காலை ரயில்ல ஒரு நாள் ஏறிப் பாருங்க பாஸ். மயிலம் வர்றதுக்குள்ள பத்துப் பேர் செல்போனுக்குள்ள தலையை விட்டிருப்பாங்க. அதுல பாதிப் பேர் பார்க்கிறது கொரியன் சீரியல்! காதல், கண்ணீர் எல்லாம் ஓகே. ஆனா, காலை டிபனை மிஸ் பண்ணிட்டு ஓடி வந்த நம்ம பசங்க கண்ணு போறது என்னவோ அந்தச் சாப்பாட்டு மேஜை மேலதான். சோத்தைச் சுத்திக் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். அந்தத் தொட்டுக்க அயிட்டங்களுக்குப் பேர் 'பான்ச்சான்'. "இதுல என்னடா அதிசயம்? நம்ம கல்யாணப் பந்தியில கூட்டு, பொரியல், பச்சடினு வரிசையா வைக்கிறதுதானே!" என்றான் ஒருத்தன். வாஸ்தவமான பேச்சு.

அந்தக் கிண்ணங்கள்ல ஒண்ணு, 'ஹோபாக் நாமுல்'. காயை மெல்லிசா அரிஞ்சு, பூண்டு போட்டு வதக்கி, மேலே எள்ளு தூவினா முடிஞ்சது. வெளிநாடுகள்ல இதை சுக்கினியில செய்றாங்க. சுக்கினி தெரியும்ல? வெள்ளரிக்காய்க்கு அண்ணன் மாதிரி பச்சையா, நீளமா, பெரிய சூப்பர் மார்க்கெட்ல பிளாஸ்டிக் சுத்திப் படுத்திருக்குமே... அதேதான்.

எனக்கு இந்த அயிட்டம் புடிச்சதுக்குக் காரணம் சுக்கினி இல்லை. பத்து நிமிஷ வேலைங்கிற ஒரே விஷயம்தான்.

எங்கம்மா செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில வேலை பார்க்கிறாங்க. விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் வந்துடும். திண்டிவனம், வந்தவாசி ரோட்டோரம் அந்த பஸ்ஸுக்காக நிக்கிற அம்மாக்களை, அக்காக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. கையில டிபன் பை, ஈரம் காயாத தலைமுடி. நாள் பூரா உழைச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, செருப்பைக் கழட்டின கையோட அடுப்பு. இது செகண்ட் ஷிஃப்ட்! சம்பளமும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. குழம்பு வச்சு, எங்களுக்கெல்லாம் போட்டுட்டு அவங்க உட்கார்றப்போ தொட்டுக்க எதுவும் மிச்சம் இருக்காது. ஊறுகாய்தான். கேட்டா, "எனக்கு ஊறுகாதான்டா புடிக்கும்" என்று ஒரு டயலாக். இந்தப் படம் பல வீட்டுல ஓடிக்கிட்டிருக்குங்கிறது உங்களுக்கே தெரியும்.

தொட்டுக்க மட்டும் நான் செஞ்சுட்டா, அந்த செகண்ட் ஷிஃப்ட்ல கொஞ்சம் குறையும். கணக்கு சிம்பிள். ஆனா திண்டிவனத்துல சுக்கினிக்கு எங்கே போறது?

இங்கதான் ட்விஸ்ட். கொரியாக்காரங்க அவங்க வீட்டுல இதுக்குப் போடறது சுக்கினியே இல்லையாம். 'ஏஹோபாக்' என்கிற இளசான பரங்கி. தாவரவியல் பேர்ல சொன்னா, சுக்கினி 'குகுர்பிட்டா பெப்போ' இனம். ஏஹோபாக் 'குகுர்பிட்டா மாஸ்கேட்டா'. நம்ம ஊர் பரங்கிக்காயும் அதே மாஸ்கேட்டாதான்! அதாவது மார்கழியில சாணி உருண்டையில சொருகி வாசக் கோலத்துல வைக்கிறோமே, அந்த மஞ்சப் பூவோட கொடியில காய்க்கிற பிஞ்சு, சுக்கினியைவிட கொரியாவுக்கு நெருங்கின சொந்தம்.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, இந்தக் குடும்பத்துக்கே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் காலத்துக்கு அப்புறம் ஐரோப்பாக்காரங்க கப்பல் வழியா உலகம் சுத்தினது. நீளமான சுக்கினியை 19-ம் நூற்றாண்டுல இத்தாலிக்காரங்க உருவாக்கினாங்க. நம்ம காயோட பேர்லயே 'பரங்கி' ஒட்டிக்கிட்டு இருக்கு. பொங்கலுக்குப் படையல் போடற காயே ஒரு காலத்துல வெளிநாட்டு அயிட்டம்தான் பாஸ்!

சரி, உழவர் சந்தைக்குப் போனேன். 1999-ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச திட்டம். விவசாயிங்களே நேரா வந்து விக்கிற இடம். அங்கே ஒரு ஆயாகிட்ட பரங்கிப் பிஞ்சு கேட்டேன். "பிஞ்சா? முத்த வுட்டாத்தான் கண்ணு எடை நிக்கும். பிஞ்சுல பறிச்சா எனக்கு இன்னா கெடைக்கும்?" என்று மடக்கிடுச்சு. எகனாமிக்ஸ் பேப்பர்ல அரியர் வச்சவங்க இந்த ஆயாகிட்ட டியூஷன் போகலாம். ஆனாலும், அடுத்த ஞாயித்துக்கிழமை முந்தானையில முடிஞ்சு ரெண்டு பிஞ்சு கொண்டாந்துச்சு!

அடுத்தது எண்ணெய். நாமுலுக்கு உயிரே எள் எண்ணெய்தான். அதுக்கு நாம யார்கிட்டயும் கையேந்த வேணாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே நம்ம திண்டிவனத்துலதான் இருக்கு. எள், நிலக்கடலை ரகங்கள்ல 'டி.எம்.வி.'னு முன்னாடி போட்டிருப்பாங்களே, அது திண்டிவனத்தைக் குறிக்கிற எழுத்து. ஒரே ஒரு வித்தியாசம்... கொரியாவுல எள்ளை வறுத்து ஆட்டுவாங்க. நம்ம செக்குல வறுக்காம, கருப்பட்டி போட்டு ஆட்டுவாங்க. அதனால அந்த வறுத்த வாசனை நல்லெண்ணெய்ல வராது. எள்ளைத் தனியா வறுத்து, உள்ளங்கையில நசுக்கித் தூவினா மேட்டர் ஓவர்.

உப்புக்கு மரக்காணம் பக்கத்துலயே இருக்கு. கொரியாவுல இந்தக் காய்க்கு உப்பூறின குட்டி இறாலைச் சேர்ப்பாங்க. சுரைக்காயில இறாலைப் போட்டுச் சாப்பிடற நமக்கு இதைச் சொல்லித் தரணுமா? ஒரு கைப்பிடி காய்ஞ்ச சென்னாகுன்னி போதும்.

இப்போ லேப்! நாலு பேருக்கு அரை கிலோ பிஞ்சு. விதை இளசா இருந்தா அப்படியே விடலாம். நெடுக்க ரெண்டா வகுந்து, அரை நிலா மாதிரி மெல்லிசா அரியுங்க. அரை டீஸ்பூன் உப்பைப் போட்டுப் பிசிறி பத்து நிமிஷம் வைங்க. பாத்திரத்துல தண்ணி கட்டி நிக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச 'சவ்வூடு பரவல்' இதுதான். உப்பு இருக்கிற பக்கம் செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியே ஓடி வரும். இந்தக் காய்ல நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல தண்ணி. அதை முதல்லயே வெளியேத்தலைன்னா வாணலியில வதங்காது, வேகும். பொரியல் கூட்டாயிடும்!

தண்ணியை லேசாப் பிழிஞ்சு கொட்டிடுங்க. சென்னாகுன்னியை வெறும் வாணலியில வறுத்து எடுத்து வைங்க. அப்புறம் ரெண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய், தட்டின பூண்டு நாலு பல், ஒரு பச்சை மிளகாய். பூண்டு நிறம் மாறுறதுக்குள்ள காயைப் போட்டு, அடுப்பைக் கூட்டி வச்சு, மூணு நாலு நிமிஷம் புரட்டுங்க. மூடி போடவே கூடாது. பச்சை நிறம் கண்ணாடி மாதிரி ஆனதும் சென்னாகுன்னி, எள்ளு தூவி இறக்கிடுங்க. சைவப் பார்ட்டிங்க சென்னாகுன்னிக்குப் பதிலா அரை டீஸ்பூன் சோயா சாஸ் விடலாம். அதுலயும் உப்பு உண்டு, ஜாக்கிரதை. 'புளியங்காடு'னு அர்த்தம் வர்ற ஊர்ல புளியே போடாத ஒரு அயிட்டம் ரெடி!

முதல் நாள் அப்பா எட்டிப் பார்த்தார். "ஆம்பளப் புள்ளைக்கு அடுப்பாண்ட இன்னாடா வேலை?"

"கல்யாணத்துல அண்டா அண்டாவா சமைக்கிற மாஸ்டருங்க எல்லாம் யாருப்பா?"

அப்பாகிட்ட பதில் இல்லை. தட்டை எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்துட்டார்.

அம்மா தட்டுலதான் முதல்ல வச்சேன். "அப்பாவுக்குப் போடுடா மொதல்ல" என்று தட்டை நகர்த்தினாங்க. நான் நகரலை. ஒரு வாய் எடுத்து வச்சவங்க, "கருவாட்டு வாசனையா வருதே... நல்லாத்தான்டா இருக்கு. பூண்டை இன்னும் கொஞ்சம் நசுக்கியிருக்கலாம்" என்று மார்க் போட்டாங்க. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சாங்க. ஊறுகாய் பாட்டிலை அன்னிக்கு யாருமே திறக்கலை.

ஒரு கிண்ணம் பொரியல் செஞ்சதால எங்கம்மாவோட செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சுடலை. சோறும் குழம்பும் இன்னமும் அவங்க கையிலதான். ஆனா, பரங்கிப் பிஞ்சு கிடைக்காத வாரம் பீர்க்கங்காய், சுரைக்காய்னு அதே ஃபார்முலா ஓடுது. உப்பு, பூண்டு, எள்ளு மாறாது. ஹாஸ்டல்ல இருக்கிறவங்க லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ டிரை பண்ணிப் பாருங்க. சுக்கினி தேடி பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற வேணாம், சந்தைக்கு ஒரு நடை போதும்.

போன வாரம் அம்மா வேலை முடிஞ்சு வந்து, வாசப்படியில உட்கார்ந்து காலை நீட்டிக்கிட்டே கேட்டாங்க... "இன்னைக்கு தொட்டுக்க இன்னாடா?"

எங்க வீட்டுல இந்தக் கேள்வியைக் கேட்டவங்க நாங்க எல்லாரும். அம்மா கேட்டது இதுதான் முதல் தடவை!