ஒரு நாள் சுற்றுலாவும் சுக்கான் காடும்

பாளையங்கோட்டையில் மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் ஞாயிற்றுக்கிழமை வேனில் இரண்டு இடம் பதிவு செய்து வைத்திருந்தார் மருமகன். காலை ஆறரைக்குக் கிளம்பி மானூர் வழியாகச் சங்கரன்கோவில், அங்கிருந்து கழுகுமலை, கோவில்பட்டி, கயத்தாறு, தாழையூத்து என்று ஒரு வட்டம் சுற்றி, இரவு எட்டு மணிக்குள் திருநெல்வேலியில் இறக்கிவிடும் ஒரு நாள் சுற்றுலா. வழிகாட்டி உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. கோயில் பாதி, கல்லும் மலையும் பாதி.

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஊரே பனவடலிசத்திரத்துக்குப் பக்கம்தான். சங்கரன்கோவில் என்றால் அவருக்கு வத்தல் மூட்டை போடப் போகும் ஊர், ஆடித்தபசுக்குப் போகும் ஊர். "நம்ம ஊரப் பாக்க நாமளே துட்டு குடுத்துப் போகணுமா மாப்ள?" என்றார். "போய்ட்டு வாங்க மாமா, அத்தைக்கும் ஒரு மாத்தமா இருக்கும்" என்றார் மருமகன்.

மாற்றம் தேவைப்பட்டது உண்மைதான். அவர்கள் வந்திருந்த காரியம் அப்படி. ரோட்டோரம் இருக்கும் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டைச் சோலார் கம்பெனிக்கு வாங்கித் தருவதாக ஒரு தரகர் பேசியிருந்தார். பூர்வீகச் சொத்து என்பதால் மகளும் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை முன்பணத்தோடு வருவதாகப் பேச்சு. விற்கும்படி கடன் ஒன்றும் கழுத்தை நெரிக்கவில்லை. அந்தக் காடு மட்டும் மூன்று வருடமாகக் கைவிட்டுவிட்டது. உளுந்து முளைக்கிறது, ஒரு மாதம் நன்றாக நிற்கிறது, மழை பெய்து ஓய்ந்ததும் மஞ்சளாகிவிடுகிறது. மஞ்சள் தேமல் நோய் என்று கடைக்காரர் சொல்ல, வெள்ளை ஈக்கு மருந்து அடித்தார். போன வருடம் மூன்று தடவை. மருந்துக்கும் கூலிக்கும் போட்ட பணம்கூடத் திரும்பவில்லை. "அந்தக் காட்டுல என்னமோ இருக்கு" என்று அவர் மனைவி சொல்ல ஆரம்பித்த பிறகு, அவருக்கும் அது அப்படித்தான் என்று தோன்றிவிட்டது.

வேன் மானூர்க் குளத்தைத் தாண்டியது. கார்த்திகை மாதம், குளத்தில் தண்ணீர் கிடந்தது. தேவர்குளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் நின்றன, நடுநடுவே காற்றாலைகள். வழிகாட்டித் தம்பி மைக்கில் காற்றாலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியவரின் காடு ஜன்னலில் வந்தது. முன் இருக்கையில் இருந்த சிறுமி திரும்பி, "தாத்தா, அங்க மஞ்சளா இருக்கே, அது என்ன பூ?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான், "பூ இல்ல கண்ணு, உளுந்து" என்றார். வேன் போய்விட்டது. நாற்பது வருடம் உழுத காட்டை அரை நிமிடத்தில் கடந்து போகும்போது, அது அவருக்கே யாருடைய காடோ போல இருந்தது. ஆனால் உயரமான வேன் ஜன்னலிலிருந்து பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. மஞ்சள் காடு முழுக்க இல்லை. நடுவில் இரண்டு மூன்று திட்டுகளாகத்தான் இருந்தது. வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு இது தெரிவதில்லை.

சங்கரன்கோவிலில் ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பார்த்து வேனில் வந்தவர்கள் செல்போனை நீட்டினார்கள். வழிகாட்டி கதை சொன்னார். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கு. கோமதி அம்மன் தவமிருக்க, இருவரும் ஒரே வடிவாகச் சங்கரநாராயணராகக் காட்சி தந்த தலம் இது. ஆடித்தபசு அந்தக் காட்சிக்கான திருவிழா. வழிகாட்டி சொல்லாமல் விட்டதைப் பெரியவர் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் சொன்னார். தபசுக் காட்சியன்று சுற்றுப்பட்டு விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து சூறை விடுவார்கள். பருத்தி, வத்தல், நெல், பயறு என்று யாரிடம் என்ன விளைந்ததோ அது. அவரும் வருடம் தவறாமல் விட்டிருக்கிறார். "மூணு வருசமா அந்தக் காட்டுல இருந்து ஒரு கை உளுந்து கொண்டாரல" என்றார். வாத்தியார் மேற்கொண்டு கேட்கவில்லை.

அம்மாள் புற்றுமண் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். இந்தக் கோயிலின் பிரசாதமே மண்தான். தோல் நோய்க்கு உடம்பில் பூசுவார்கள், வீட்டில் வைத்துக்கொள்வார்கள். மண்ணைக் கையில் வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ளும் இடத்துக்கு விவசாயி வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கழுகுமலை அங்கிருந்து 20 கிலோமீட்டர் சுற்றுக்குள். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் சங்கரன்கோவில் பக்கம். அவர் பாடியது கழுகுமலை முருகனை. வேனில் யாரோ ஒருவர் அந்த மெட்டை முனகினார். மலை ஏறும்போது வெயில் ஏறிவிட்டது. வெட்டுவான் கோயில் 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. கல்லை அடுக்கிக் கட்டவில்லை. மலையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து கோயிலாக எடுத்திருக்கிறார்கள். மேலே விமானம் முடிந்திருக்கிறது, கீழே முடியவில்லை. வேலை ஏன் நின்றது என்பதற்கு அப்பனும் மகனுமான இரண்டு சிற்பிகளின் கதை ஒன்றை வழிகாட்டி சொன்னார். பக்கத்தில் பாறைச் சரிவு முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், அடியில் வட்டெழுத்து. பெரியவர் அங்கே ரொம்ப நேரம் நின்றார். ஓர் உளிக்கு எவ்வளவு கல் பெயரும் என்று அவருக்குக் கணக்கு ஓடியது. கிணறு வெட்டியவர் அவர்.

"இதெல்லாம் சுண்ணாம்புப் பாறை" என்று வழிகாட்டி ஒரு வார்த்தை சொன்னார். அது தவறு. கழுகுமலை கருங்கல் இனம். சுண்ணாம்புப் பாறையாக இருந்திருந்தால் ஆயிரத்து இருநூறு வருட மழையில் அந்தச் சிற்பங்களின் மூக்கும் விழியும் இவ்வளவு கூர்மையாக நின்றிருக்காது. சுண்ணாம்பு மழைநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வேனில் வந்த வாத்தியார் வேதியியல் பாடம் எடுத்தவர். அவருக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கோவில்பட்டி போகும் வழியில் ஓர் ஓடைப் பாலத்தருகே டீக்கடையில் வேன் நின்றது. ஓடைக்கரை மழையில் அரித்து நெட்டுக்குத்தாக நின்றது. மேலே மூன்று நான்கு அடி கறுத்த மண், அதற்குக் கீழே பழுப்பு, அதில் வெள்ளை வெள்ளையாக உருண்டைக் கற்கள். பிள்ளைகள் பொறுக்க ஓடின. "சுக்கான் கல்லு. எங்க காட்டுல கொழு போட்டா இதான் வரும்" என்றார் பெரியவர்.

வாத்தியார் எலுமிச்சம்பழம் கேட்டார். அம்மாளின் பையில் கழுகுமலையில் கொடுத்தது ஒன்று இருந்தது. "சாமி குடுத்த பழத்தக் கல்லுலயா பிழியப் போறீய?" என்று அவர் பையை மூடிக்கொண்டார். டீக்கடையில் ஒன்று வாங்கினார்கள். கழுகுமலை அடிவாரத்தில் ஒரு பையன் பொறுக்கி வைத்திருந்த கருங்கல் சில்லில் முதலில் பிழிந்தார் வாத்தியார். ஒன்றும் இல்லை. சுக்கான் கல்லைச் சுரண்டி, அந்தப் பொடியில் பிழிந்தார். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. பிள்ளைகள் கைதட்டின. பெரியவர் அந்தக் கரையிலேயே கொஞ்சம் பழுப்பு மண்ணை எடுத்து நீட்டி, "இதுல விடுங்க சார்" என்றார். அதுவும் லேசாக நுரைத்தது. சிரட்டை அளவு மண்ணில் அத்தனை சுண்ணாம்பு.

அதன் பிறகு அவர் வேனில் அதிகம் பேசவில்லை. கோவில்பட்டியில் 1901-லிருந்து மானாவாரி ஆராய்ச்சி நடக்கும் பண்ணையைப் பற்றி அவராகவே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடத்தில் இறங்கி, 1799 அக்டோபர் 16 என்ற தேதியைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லக் கேட்டார். தாழையூத்து வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியை வண்டியில் இருந்தபடியே காட்டினார் வழிகாட்டி. இந்தியா சிமெண்ட்ஸ் 1949-ல் இங்கே உற்பத்தி தொடங்கியதற்குக் காரணமே காலடியில் கிடந்த சுண்ணாம்புக்கல்தான். சுரங்கத்துக்குள் சுற்றுலா வண்டி போக முடியாது. சுண்ணாம்புக் காட்சி பார்க்க வந்தவர்களுக்கு இது போதவில்லை. ஓடைக்கரையில் பார்த்ததே மேல் என்றார்கள்.

அந்த இரவு மகள் வீட்டுத் திண்ணையில், "அதே கல்லுதான் நம்ம காட்டுலயும். அது சிமெண்டாகுது, வெத்தலைக்குச் சுண்ணாம்பாகுது. உளுந்துக்கு என்ன செய்யும்?" என்று மருமகனைக் கேட்டார். மருமகனுக்குத் தெரியவில்லை.

உளுந்துக்கு அது செய்வது இதுதான். மழை குறைந்த கரிசல் பூமியில் சுண்ணாம்பு முழுக்கக் கழுவிப் போவதில்லை. மழைநீரோடு கொஞ்சம் கீழே இறங்கி, நீர் காய்ந்ததும் அங்கேயே உருண்டையாகக் கட்டிவிடும். வருடா வருடம் ஆழ உழுதாலோ மேல்மண் அரித்துப் போனாலோ அது மேலே வரும். பெரியவர் நான்கு வருடம் முன்பு டிராக்டர் வைத்து அந்தக் காட்டை ஆழ உழுது மேடு தட்டியிருந்தார். மேடாக இருந்த இடங்கள்தான் இன்றைக்கு மஞ்சள் திட்டுகள். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இல்லாமல் இல்லை. ஆனால் களஞ்சியத்தில் நெல் இருந்தும் சாவி இல்லாத கதைதான், வேரால் எடுக்க முடியாது. மழை பெய்து மண் ஈரத்தில் ஊறி நிற்கும் நாட்களில் இது இன்னும் கூடும். துத்தநாகமும் மணிச்சத்தும்கூட இந்த மண்ணில் கட்டுப்பட்டுப் போகும்.

மஞ்சள் தேமலுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். தேமல் நச்சுயிரி நோய், வெள்ளை ஈ பரப்புவது. அதில் இலையில் பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும். நோய்ச் செடிக்குப் பக்கத்திலேயே நல்ல செடி நிற்கும். இரும்புக் குறையில் கொழுந்து இலைதான் முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்டதுபோல் இருக்கும். ஒரு திட்டில் இருக்கும் செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்ப் பெரியவர் காட்டில் குனிந்து பார்த்தது நரம்பு பச்சையாக இருந்த இலையைத்தான். மூன்று வருடம் வெள்ளை ஈக்கு அடித்த மருந்தை நினைத்து அவருக்கு வயிறு எரிந்தது.

நிற்கிற பயிருக்கு வழி உண்டு. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி உப்பு, அதோடு 10 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலை நேரத்தில் இலை நனையத் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு தடவை தெளிக்க வேண்டும். அன்னபேதியைச் சும்மா மண்ணில் வீசினால் அதையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். அடுத்த பட்டத்துக்கு ஏக்கருக்கு 20 கிலோவைப் பத்து மடங்கு மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் 30 நாள் நிழலில் வைத்துப் போடலாம். மஞ்சளைக் கண்டதும் யூரியாவைக் கொட்டுகிறவர்கள் உண்டு. இரும்புக் குறைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சுண்ணாம்பை மண்ணிலிருந்து எடுக்கவும் முடியாது. ஒவ்வொரு வருடமும் கவனிக்க வேண்டிய காடு அது. அந்தத் திட்டுகளில் உளுந்தைவிடப் பருத்தி ஓரளவு தாங்கும். இத்தனையும் பார்த்த பிறகு ஒருவர் விற்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சாபம் என்று நினைத்து விற்பதுதான் சரியல்ல.

செவ்வாய்க்கிழமை அவர் மண் எடுத்தார். மஞ்சள் திட்டுக்குத் தனியாக, நல்ல இடத்துக்குத் தனியாக. வரப்போரமும் மர நிழலும் எருக்குவியல் கிடந்த இடமும் விட்டு, பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆங்கில 'வி' எழுத்துபோல் அரையடி ஆழம் வெட்டி, மண்வெட்டி பட்ட மண்ணை மரக்குச்சியால் ஒதுக்கிவிட்டு, மற்றதைச் சுரண்டிச் சேர்த்தார். நுண்ணூட்டம் பார்க்கும் மண்ணில் இரும்புக் கருவி பட்ட மண் கலக்கக்கூடாது. நிழலில் உலர்த்தி, கால் பங்கு கால் பங்காகக் கழித்து, அரை அரைக் கிலோவாக இரண்டு பொட்டலம். புதன்கிழமை வந்த தரகரிடம், "தை அறுப்பு முடியட்டும், பொறவு பேசுவோம்" என்றார். தரகர் பக்கத்துப் புஞ்சைக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு பொட்டலத்தையும் சாமி படத்துக்குக் கீழே மாடத்தில் வைத்திருந்தார். சாயங்காலம் விளக்கேற்ற வந்த அம்மாள், கோமதி அம்மன் கோயில் புற்றுமண் பொட்டலத்தையும் சேர்த்து மூன்று பொட்டலத்தைப் பார்த்துவிட்டுத் திகைத்தார்.

"இந்தாருங்க, இதுல சாமி மண்ணு எது, சோதனைக்குப் போற மண்ணு எது? மாத்திக் குடுத்துட்டு வந்துராதீய."

பெரியவர் பேத்தியின் பேனாவைத் தேடி எடுத்து ஒவ்வொன்றின் மேலும் எழுத உட்கார்ந்தார்.