ஏபிஐ உறைவதற்குள்

க்னோம் டெஸ்க்டாப் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பாக வெளிவருகிறது. அதன் அடியில் இருக்கும் ஜிலிப், ஜிடிகே போன்ற நூலகங்கள் சி மொழியில் எழுதப்பட்டவை. பைத்தானிலும் ரஸ்டிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதுகிறவர்கள் அவற்றைத் தங்கள் மொழியிலேயே பயன்படுத்த வழிசெய்வது பைண்டிங். பீட்டா வரும்போது ஏபிஐ உறைந்துவிடும். அதற்குமேல் ஒரு ஃபங்ஷனின் பெயரையோ வடிவத்தையோ தொடக் கூடாது. அந்தக் கெடுவுக்குள் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு ஃபங்ஷனையும் உட்கார்ந்து படிப்பதுதான் பைண்டிங்காரரின் தலையாய வேலை என்பது என் உறுதியான எண்ணம். நிரல் எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பைத்தானின் பழைய பைண்டிங்கான பைஜிடிகே காலத்தில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் லிஸ்ப் பாணியில் ஒரு விவரணை எழுத வேண்டும். அது போதாத இடங்களில் கையாலேயே சி நிரல் எழுத வேண்டும். ஜிடிகே வேகமாக வளரும். பைண்டிங் மூச்சுவாங்கிக்கொண்டு பின்னால் ஓடும். ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரொஸ்பெக்‌ஷன் வந்தபின் அந்த நிலை மாறியது. இப்போது சி மூல நிரலில், ஃபங்ஷனுக்கு மேலே உள்ள கமென்ட்டிலேயே குறிப்புகள் எழுதப்படுகின்றன. ஸ்கேனர் அவற்றைப் படித்து ஜிஐஆர் என்ற எக்ஸ்எம்எல் கோப்பைத் தயாரிக்கிறது. அதைச் சுருக்கி டைப்லிப் கோப்பு உருவாகிறது. பைத்தான், ஓடும்போதே டைப்லிப்பைப் பார்த்து சி ஃபங்ஷனை அழைக்கிறது. ரஸ்ட், ஜிஐஆர் கோப்பிலிருந்து முன்கூட்டியே நிரலை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. குறிப்பு சரியென்றால் எல்லா மொழிக்கும் நன்மை. பிசகினால் எல்லா மொழிக்கும் தலைவலி.

குறிப்புகளிலேயே நான் அதிகக் கவனம் வைப்பது உரிமை பற்றியவற்றில். ஒரு ஃபங்ஷன் ஒரு சரத்தைத் திருப்பித் தருகிறது. அந்த நினைவகத்தை விடுவிக்க வேண்டியவர் யார்? விட்ஜெட்டின் பெயரைக் கேட்டால் கிடைப்பது விட்ஜெட்டுக்கே சொந்தமான சரம். டெக்ஸ்ட் பஃபரின் உரையைக் கேட்டால் கிடைப்பது நமக்கென்றே எடுத்துத் தந்த நகல். முன்னது இரவல் பாத்திரம், பின்னது சீர்வரிசையில் வந்த பாத்திரம். இரவலுக்கு டிரான்ஸ்ஃபர் நன் என்றும் சொந்தத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஃபுல் என்றும் குறிக்கிறோம். இரவலைச் சொந்தம் என்று குறித்தால் பைத்தான் அதை விடுவித்துவிடும். செயலி பிறகு எப்போதோ, சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் கவிழும். சொந்தத்தை இரவல் என்று குறித்தால் யாருமே விடுவிக்க மாட்டார்கள்; நினைவகம் சத்தமில்லாமல் கசியும். இரண்டுமே கமென்ட்டில் ஒரு சொல் மாறியதால் வரும் வினை.

வெளியீட்டுக்குப் பிறகு அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். எல்லாக் குறிப்பிலும் அது நடக்காது. டெக்ஸ்ட் பஃபரின் தொடக்கத்தையும் முடிவையும் தரும் கெட் பவுண்ட்ஸ் ஃபங்ஷனைப் பாருங்கள். சி-யில் இரண்டு இடங்களின் முகவரியைக் கொடுத்தால் அது நிரப்பித் தரும். அவை வெளியே வரும் மதிப்புகள் என்ற குறிப்பு இருப்பதால், பைத்தானில் எதையும் கொடுக்காமல் அழைத்து இரண்டு மதிப்புகளை வாங்கிக்கொள்கிறோம். இதுபோன்ற ஒரு குறிப்பை வெளியீட்டுக்குப் பின் சேர்த்தால், சி நிரலர்களுக்கு ஒன்றும் ஆகாது. பைத்தானில் எழுதியவர்களுக்கோ அழைக்கும் முறையே மாறிவிடும். நேற்று வரை ஓடிய செயலி இன்று ஓடாது. வெற்று மதிப்பு வரலாம் என்ற குறிப்பும் அப்படித்தான். பைத்தானில் அது விடுபட்டிருந்தால் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது. ரஸ்டில் அதைச் சேர்த்தால் ஃபங்ஷன் தரும் டைப்பே வேறாகிவிடும்.

எண்களையும் சும்மா விடக் கூடாது. எழுத்துகளை வரையத் தயார்செய்யும் பாங்கோ நூலகம், நிறமோ தடிமனோ தர வேண்டிய பகுதியை பைட் கணக்கில் கேட்கிறது. பைத்தான் சரங்களை யூனிகோட் குறியீடுகளாக எண்ணுகிறது. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துச் சோதித்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், பிழை ஒளிந்துகொள்ளும். ‘தமிழ்’ என்று கொடுங்கள். கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறியீடு, யுடிஎஃப்-8இல் 15 பைட். நடுவிலுள்ள ‘மி’க்கு மட்டும் நிறம் தர, பைத்தான் கணக்கில் 1 முதல் 3, பாங்கோவுக்கு 3 முதல் 9. பைத்தான் எண்களை அப்படியே அனுப்பினால் அவை ‘த’ என்ற முதல் எழுத்தின் பைட்டுகளைத் தாண்டவே தாண்டாது. ஆகவே என் சோதனைகளில் தமிழ்ச் சரங்கள் கட்டாயம் உண்டு. புதிய ஃபங்ஷன் ஓர் எண்ணைக் கேட்டால், அது பைட்டா குறியீடா என்று ஆவணத்தில் எழுதச் சொல்லி விடாமல் கேட்பேன்.

சி++ பைண்டிங்கான ஜிடிகேஎம்எம்-இன் சங்கடம் வேறு. ஏற்கெனவே வெளிவந்த ஒரு கிளாஸில் புதிய விர்ச்சுவல் ஃபங்ஷனைச் சேர்த்தால், முன்பே கம்பைல் செய்த செயலிகள் உடையும். அதனால் அடுத்த பெரிய பதிப்புவரை காத்திருக்க வேண்டும். ஜிடிகே 3.0 வந்தது 2011இல், 4.0 வந்தது 2020இல். உறைவதற்குமுன் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு அவ்வளவு நீண்ட ஆயுள்.

பைத்தான் பக்கத்திலேயே ஓர் ஒட்டுப்போட்டுக் குறையை மறைக்க வசதி இருக்கிறது. மொழிக்கே உரிய இயல்பைக் கொண்டுவர அந்த வசதி தேவை; ஆனால் தவறான குறிப்பை மூடிமறைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படி மூடினால் நம் பக்கம் சரியாகிவிடும், ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர் அதே குழியில் விழுவார். வேரில் திருத்தினால் நாம் அறியாத மொழிகளுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேரும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு புதிய ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறிப்பைப் படியுங்கள், பிறகு அதன் உள்ளே இருக்கும் சி நிரலைப் படியுங்கள். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் அதை எழுதியவரிடம் பீட்டாவுக்கு முன்பே கேளுங்கள். நூலகத்தை எழுதியவர்களுக்கு வெளியிலிருந்து வரும் முதல் வாசகர் நீங்கள்தான். உங்கள் கேள்விக்கு மதிப்பு இருக்கும்.