ஓடாத வண்டிக்கு என்ன கோளாறு?

கார் வாங்கிவிட்டேன் என்று வாட்ஸ்அப்பில் காட்டியபோது அப்பா விலையைக் கேட்கவில்லை. "இருவது வருசத்து வண்டி, முப்பத்துநாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குதா? ஏங்கண்ணு, என்ன கோளாறுன்னு நிறுத்தி வெச்சிருந்தாங்க?"

இங்கே இங்கிலாந்தில், கவென்ட்ரியில், படத்தைப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் அந்த எண்ணைத்தான் மெச்சினார்கள். 2003ஆம் வருடத்து ஆல்ஃபா ரோமியோ 147 ஜிடிஏ; மீட்டரில் 21,000 மைல். ஓடாமல் இருந்ததற்காகவே விலை ஏறும் பொருள் அது. எங்கள் ஊரில் இப்படியொரு மீட்டரைக் கண்டால் புரோக்கர் திருப்பி வைத்துவிட்டான் என்பார்கள். இல்லையென்றால் கோர்ட் கேஸில் நின்ற வண்டி.

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்தவன். அப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து கேபின்கூட இல்லாத வெறும் சேசிஸ் வரும். டிரைவர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலும் காற்றும் நேராக அடிக்க, ஓட்டிவந்து நிறுத்துவார். ஒரு மாதத்தில் மரமும் தகடும் ஏறி, பெயின்ட் அடித்து, ஆஞ்சநேயர் கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டு அஸ்ஸாமுக்கோ குஜராத்துக்கோ கிளம்பிவிடும். அதன்பிறகு நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஃபைனான்ஸ்காரன் ஞாயிற்றுக்கிழமை என்று பார்ப்பதில்லை.

அந்த வளர்ப்பில் வந்தவனுக்கு ஷ்ராப்ஷயரில் இந்தக் காரை விற்ற ஓய்வுபெற்ற மனிதரின் காரேஜில் பார்த்த காட்சி விசித்திரமாகத்தான் இருந்தது. காருக்குப் போர்வை. டயருக்கு அடியில் கம்பளம். எங்கள் எஃப்.சி. மாதிரி இங்கே எம்.ஓ.டி. சோதனை; மூன்று வயது தாண்டிய காருக்கு வருடா வருடம் உண்டு. ஒவ்வொரு சோதனையிலும் குறித்த மைல் கணக்கை நம்பரைத் தட்டி யாரும் பார்க்கலாம் என்பதால் மீட்டரைத் திருப்புகிற வேலை சுலபமில்லை. பார்த்தேன். சில வருடங்களில் முந்நூறு மைல்கூட இல்லை. சோதனைக்குப் போய்வந்ததும், நல்ல வெயில் நாளில் ஒரு சுற்றும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

பானட்டைத் திறந்தபின் நான் பேரம் பேசவே இல்லை. பளபளக்கும் ஆறு உலோகக் குழாய்கள் வரிசையாக வளைந்து இறங்குகின்றன; பிளாஸ்டிக் மூடி போட்டு மறைக்கவில்லை. 3.2 லிட்டர் வி6, 250 குதிரைச் சக்தி. இந்த இன்ஜின் குடும்பத்தை உருவாக்கியவர் ஜுசெப்பே புஸ்ஸோ. 1979இல் ஆல்ஃபா 6 காரில் முதலில் வந்தது. 2005 முடிவில் மிலானை அடுத்த அரேஸே ஆலையில் உற்பத்தி நின்றது; சில நாட்களில், 2006 ஜனவரி 3 அன்று, புஸ்ஸோவும் இறந்துபோனார். கதை எழுதுகிறவன் இப்படி முடித்தால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

ஜிடிஏ என்பதில் கடைசி எழுத்துக்கு இத்தாலிய மொழியில் 'எடை குறைக்கப்பட்டது' என்று பொருள். இதுவோ கனத்த இன்ஜினை மூக்கில் சுமக்கிறது. அத்தனை சக்தியும் முன்சக்கரத்துக்கே போவதால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். வளைத்துத் திருப்ப லாரிக்கு வேண்டிய இடம் வேண்டும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் இதை ஏற்றினால் பின்னால் வரும் மினி பஸ்காரர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

அப்பா வீடியோவில் டயரைக் காட்டச் சொன்னார். பட்டன் இன்னும் ஆழமாகவே இருந்தது. "பக்கவாட்டுல கிட்டக்க கொண்டா." ரப்பரில் மயிரிழை வெடிப்புகள். ஓரத்தில் நான்கு இலக்கம்: 1103. 2003இன் பதினோராவது வாரம் செய்த டயர். "காஞ்ச ரொட்டியாட்டம் ஆயிருச்சு. தேயாத டயரக் குப்பையில போடறது இதான் மொதத்தடவ" என்றார். போனை அடியில் நீட்டியபோது, பனிக்காலத்தில் இங்கே சாலையில் உப்பு தூவுவார்கள் என்று சொல்லிவைத்தேன். "தூத்துக்குடி உப்பு லோடு அடிச்ச வண்டி மாதிரி அடி போயிருக்கோணுமே" என்று தேடினார். அதிகம் இல்லை. கம்பளத்துக்கு நன்றி.

டைமிங் பெல்ட்டுக்கு மைல் கணக்கில் இன்னும் நாள் இருக்கிறது என்றார் விற்றவர். பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலும் அதையே சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். மூன்றாவது வாரம் எம்6 நெடுஞ்சாலையில் வெப்ப முள் ஏறியது. வாட்டர் பம்ப் ஒழுகியிருந்தது. வண்டி இன்னொரு லாரியின் முதுகில் வீடு வந்தது. ஒரு லாரிக்காரர் மகனுக்கு அதைவிட அவமானம் வேண்டாம்.

ஆல்ஃபா தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப்போய்ச் சேர்ந்தது பெட்ஃபோர்டில். 1950களில் அங்கே செங்கல் சூளைகளுக்கு ஆள் பற்றாமல் தென் இத்தாலியிலிருந்து கூட்டிவந்தார்கள். ஊரில் இன்றும் இத்தாலியக் குடும்பங்கள் நிறைய. மெக்கானிக்கின் அப்பா அப்படிச் சூளைக்கு வந்தவர். மகன் இங்கேயே பிறந்தும் திட்டுவது மட்டும் இத்தாலியத்தில். பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, பின்பக்கமாக மடக்கச் சொன்னார். பல்லுக்குப் பல் இடையே வெடிப்பு. ஓடும்போது அறுந்திருந்தால் பிஸ்டன் போய்த் திறந்திருக்கும் வால்வுகளில் மோதியிருக்கும். 24 வால்வு, கணக்குப் போட்டுக்கொள் என்றார். பெல்ட், டென்ஷனர், பம்ப், எல்லா ஹோஸ்களும் மாற்றினோம். வீட்டில் நான் சொன்ன தொகை இன்னும் சொன்ன தொகையாகவே இருக்கிறது.

அவரிடம் அப்பாவின் கேள்வியைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உன் அப்பாவை இங்கே வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறேன்."

ஊருக்குக் கொண்டுபோகிற ஆசை ஒருநாள் வந்தது. சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று நான்குவழிச் சாலையில் அந்த வி6 எப்படிப் பாடும்! விசாரித்தேன். செய்து மூன்று வருடம் தாண்டிய பழைய காரை இந்தியாவுக்குள் இறக்க விதி இடம் தராது. அப்பாவிடம் சொன்னால், "ஃபியட் கம்பெனிதான? ராசிபுரத்து டாக்டர்கிட்டயே ஒண்ணு இருந்துச்சே" என்றார். அது பம்பாயில் செய்த பத்மினிங்கப்பா என்றேன். 1986இல் ஆல்ஃபா ஃபியட்டின் கைக்குப் போனது என்பதால் அவர் சொன்னதை முழுசாக மறுக்கவும் முடியவில்லை.

இப்போது கடைக்கும் அதில்தான் போகிறேன். விலை விழும் என்று நண்பர்கள் பதறுகிறார்கள். ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் போன் போட்டு பானட்டைத் திறந்து இன்ஜினைக் கிளப்புவேன். அவர் திரையைப் பார்க்க மாட்டார். போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பின்னால் பட்டறையில் யாரோ தகடு அடிக்கும் சத்தம்.

"இந்த வாரம் எத்தன?"

"இருநூத்திப் பத்து மைலுங்கப்பா."

"பத்தாது" என்றார்.