பிடிக்காத பியருக்கு நீதி

பியரைப் பற்றிய கட்டுரை என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு சமாதானம்: இது எந்தப் பியரையும் புகழ்வதற்காக எழுதப்பட்டதல்ல. எங்களுக்குச் சற்றும் பிடிக்காத ஒரு பியர் வகையைப் பற்றி நாங்கள் எழுத நேர்ந்த இரண்டு குறிப்புகளையும், அவை இரண்டுமே பொய்யாகிப்போன விதத்தையும் பதிவு செய்வதே நோக்கம். மதிப்புரை எழுதும் பழக்கமுள்ள எவருக்கும் இது அத்தனை அந்நியமான விஷயமாக இராது.

வேலை நிமித்தம் ஜெர்மனியில் வாழ்ந்த ஆண்டுகளில் நாங்கள் மூவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு சிறிய பியர் கடையில் கூடுவது வழக்கம். கடையை நடத்தியவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. தன் நாட்டுப் பியர்களைவிட அண்டை நாடான பெல்ஜியத்தின் பியர்கள்மீது அவருக்குப் பிரியம் அதிகம். அந்த ஊரில் அது ஏறக்குறைய தேசத் துரோகம். குடித்ததைப் பற்றி நாங்கள் ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பல வாரங்கள் கவனித்த பிறகு, அலமாரியில் புட்டிகளுக்குக் கீழே ஒட்டுவதற்கு நான்கைந்து வரிகளில் அட்டைகள் எழுதித் தர இயலுமா என்று கேட்டார். எங்கள் ஜெர்மன் மொழியின் பிழைகளைத் தானே திருத்திக்கொள்வதாகவும் சொன்னார். சிற்றிதழ்களில் மதிப்புரை எழுதி, அதைப் படித்த ஒருவரையும் நேரில் சந்தித்திராத எங்களுக்கு, நாங்கள் எழுதியதை வாசித்துவிட்டு யாரோ ஒருவர் பணப்பையைத் திறப்பார் என்ற எண்ணமே போதை தருவதாக இருந்தது.

முதல் அட்டைகள் எளிதாக அமைந்தன. பவேரியக் கோதுமை பியரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வருவது பழத்தாலோ மசாலாவாலோ அல்ல, ஈஸ்டால் என்று எழுதினோம். பில்ஸ்னரின் கசப்பைப் பற்றியும் பொக் வகையின் ரொட்டி மணத்தைப் பற்றியும் எழுதினோம். பிடித்தவற்றைப் பற்றி எழுதுகையில் சொற்கள் தாமாக வந்து நின்றன. பிறகு கூஸ் வகையின் முறை வந்தது.

கூஸ் என்பது லாம்பிக் பியர்களின் கலவை. பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் இந்த மரபு இன்னும் உயிரோடிருக்கிறது. பார்லி மால்ட்டுடன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமையைச் சேர்த்து, மணமும் கசப்பும் பெரிதும் அடங்கிப்போகும்படி ஆண்டுக்கணக்கில் பழையதாக்கிய ஹாப் பூக்களோடு நீண்ட நேரம் கொதிக்க வைக்கிறார்கள். அந்த நீரை ஆழமற்ற திறந்த தொட்டியில் ஊற்றி ஓர் இரவு முழுவதும் ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றில் வருவதும், பின்னர் ஓக் பீப்பாயின் மரத்துக்குள் குடியிருப்பதுமான நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைக்கின்றன. கோடையில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு முதிர்ந்த லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால், இளையதில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை அங்கே மீண்டும் புளித்து நுரை தருகிறது. அதுதான் கூஸ்.

இவ்வளவும் எங்களுக்கு அப்போதே ஏட்டளவில் தெரியும். ஆனால் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுசென்றபோது தெரிந்தது தொழுவம் மட்டுமே. எங்கள் அட்டை இப்படி முடிந்தது: ‘மழையில் நனைந்த குதிரையை எலுமிச்சைச் சாற்றில் குளிப்பாட்டி, அந்த நீரைப் புட்டியில் அடைத்திருக்கிறார்கள்.’

அட்டை பெரும் வெற்றி பெற்றது. வாடிக்கையாளர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள், நண்பர்களை அழைத்துவந்து காட்டினார்கள். அந்த ஆறு புட்டிகளில் ஒன்றுகூட விற்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு மாலையில் அந்தப் பெண்மணி அட்டையைப் பிய்த்தெடுத்து எங்கள் மேசைமீது வைத்தார். கோபம் எதுவும் இல்லை. “இதைப் பக்கத்தில் இருக்கும் புட்டிக்கு ஒட்டினால் யாருக்காவது வித்தியாசம் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் இருந்தது வேறொருவர் தயாரித்த கூஸ்.

தெரியாதுதான். உலகில் உள்ள எல்லா லாம்பிக் பியர்களுக்கும் பொருந்தக்கூடிய ஒரு வாக்கியத்தை ஒரு புட்டியின்மீது ஒட்டியிருந்தோம். சரித்திர நாவல்களையே வெறுக்கும் ஒருவர் ஒரு சரித்திர நாவலுக்கு எழுதும் மதிப்புரை நினைவுக்கு வந்தது. அதில் குதிரைகள் இருக்கும், வாள்கள் இருக்கும், விமர்சகரின் கொட்டாவி இருக்கும். அந்த நாவல் மட்டும் இருக்காது. அத்தகைய மதிப்புரைகளை வாசித்து நாங்கள் எத்தனையோ முறை பொங்கியிருக்கிறோம்.

குற்றவுணர்வு நல்ல ஆலோசகர் அல்ல என்பதை அடுத்த மாதம் கற்றோம். அவர் எங்கள் முன் இரண்டு கிண்ணங்களை வைத்தார். இரண்டும் கூஸ், எது எதுவென்று சொல்லவில்லை. இம்முறை பெருந்தன்மையாக நடந்துகொள்வதென்று நாங்கள் முன்கூட்டியே தீர்மானித்திருந்தோம். முதலாவதை ‘மென்மையானது’ என்று எழுதினோம். இரண்டாவது தொண்டையைப் பிடித்து உலுக்கியது. கண்ணில் நீர் வந்தது. ‘சமரசமற்ற, துணிச்சலான புளிப்பு, மரபின் உண்மையான குரல்’ என்று எழுதி, அதற்கே அதிக மதிப்பெண்ணும் கொடுத்தோம். அவர் குறிப்பைப் படித்தார், இரண்டாவது கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார், கழுவுதொட்டியில் ஊற்றினார். புட்டியின் தக்கை பழுதாகிக் காற்று புகுந்திருந்தது. நாங்கள் மரபின் குரல் என்று போற்றியது வினிகர்.

இந்த இரண்டாவது குறிப்பே எங்களை அதிகம் கூசவைத்தது. முதலாவதில் குறைந்தபட்சம் எங்கள் வெறுப்பாவது உண்மையாக இருந்தது. பிடிக்காத ஒரு வகைக்குள் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய எங்களால் இயலவில்லை. எல்லாமே சம அளவில் பிடிக்காதபோது, எதைப் பழிப்பது எதைப் புகழ்வது என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரிடம் பாடம் கேட்டோம். எங்களுக்கு உதவிக்கு வந்தது பியர் நூல்களைவிடத் தமிழ் நாக்கு என்றுதான் சொல்லவேண்டும். பழைய சோற்று நீரையும் புளித்த மோரையும் குடித்து வளர்ந்தவர்கள் புளிப்பை அஞ்சுவதாகச் சொல்வது விந்தையல்லவா? நல்ல கூஸில் இருக்கும் புளிப்பு பெருமளவும் லாக்டிக் அமிலத்தால் வருவது. மோரில் இருப்பதும் அதுவே. நாக்கின் ஓரங்களில் பரவி அடங்கிவிடும். வினிகரின் அசெட்டிக் அமிலமோ நாக்குக்கு முன்பே மூக்கைத் தாக்கும். விழுங்கிய பின்னும் தொண்டையில் எரியும். அது சிறிதளவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், மேலோங்கினால் பழுது. புளிப்பிலேயே இரண்டு இருப்பது தெரிந்தவுடன் எங்களுக்கு ஒரு கதவு திறந்தது. அறுசுவையில் நாம் துவர்ப்பைத் தனிச்சுவையாக எண்ணுவதும் பயன்பட்டது. ஓக் மரம் தரும் அந்த லேசான வறட்சியை எப்படிச் சொல்வதென்று அவர் தடுமாறியபோது, நெல்லிக்காய் தின்ற வாய் எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது.

ஆக எங்களுக்குப் பிடிக்காமலிருந்தது புளிப்பு அல்ல, அந்தத் தொழுவ வாசனை. அதற்குக் காரணம் பிரெட்டனோமைசஸ் என்னும் ஈஸ்ட். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளவுசன் என்பவர் 1904இல் அதற்குப் பெயரிட்டார். ‘பிரிட்டிஷ் பூஞ்சை’ என்பது பொருள், ஏனெனில் அவர் அதைக் கண்டது நெடுநாள் முதிரவைத்த இங்கிலாந்துப் பியரில். அங்கே அது விரும்பத்தக்க குணமாக இருந்தது. திராட்சை மது தயாரிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்று அது கொடுங்கனவு. பில்ஸ்னரில் புகுந்தால் முழுத் தொட்டியையும் கொட்டிவிட வேண்டியதுதான். லாம்பிக்கில் அது இல்லாவிட்டால் லாம்பிக்கே இல்லை. டையசெட்டில் என்ற பொருள் தரும் வெண்ணெய் வாசனையும் அப்படித்தான்: ஜெர்மன் பில்ஸ்னரில் அது குறை, செக் நாட்டுப் பில்ஸ்னரில் இலேசாக இருந்தால் அனுமதி உண்டு. எங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் கீழ்த்தளத்துக்காரர் சன்னலைச் சாத்துவார், எங்களுக்கோ பசி எடுக்கும். இதையெல்லாம் அறிந்த பிறகும் அந்த வாசனை எங்களுக்குப் பிடித்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஒன்றில் அது பழைய தோல்பையைப் போலவும், மற்றொன்றில் ஈர வைக்கோலைப் போலவும், வேறொன்றில் மருத்துவமனைப் பிளாஸ்திரியைப் போலவும் இருப்பதைப் பிரித்துச் சொல்ல முடிந்தது.

பியர் நடுவர்களுக்கென்று ஒரு மதிப்பீட்டுத் தாள் உண்டு. 1985இல் அமெரிக்காவில் தோன்றிய நடுவர் சான்றளிப்புத் திட்டம் வகுத்தது அது. மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. ஒவ்வொரு பியரும் அது சார்ந்த வகையின் இலக்கணத்தைக் கொண்டே அளக்கப்படும். பியரை இவ்வாறு வகைகளாகப் பிரித்துப் பேசும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, ஆங்கிலேயப் பத்திரிகையாளர்; 1977இல் உலகப் பியர்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதியவர். எங்களில் இருவர் இத்தாளைக் கண்டதும் விடுதலை அடைந்தோம். ரசனையின் தொல்லையின்றிக் கூட்டிக் கழித்துவிடலாம் அல்லவா?

மூன்றாமவர் ஒப்பவில்லை. எங்களில் அதிகம் வாசிப்பவர் அவர். யாப்புப் பிழையில்லாத வெண்பா ஒன்றைக் காட்டினால் 38 மதிப்பெண் போடுவீர்களா என்று கேட்டார். எல்லா விதிகளுக்கும் பணிந்து, எந்த உயிருமில்லாமல் நிற்கும் பியர்கள் உண்டு. தாள் அவற்றிடம் ஏமாந்துவிடும். மேலும், கசப்பு மிகுந்த ஐபிஏ பியரை அவரால் தாங்கவே முடியாது. அதற்கு எங்களோடு சேர்ந்து நல்ல மதிப்பெண் போடுவது தன்வரையில் பொய் சாட்சி சொல்வதாகும் என்றார். இந்த வழக்கில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. ஒரு உடன்பாடு மட்டும் ஏற்பட்டது: தாளில் உள்ளவற்றை முதலில் நிரப்புவது, பிடித்ததா என்பதைக் கடைசி வரியில், யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுவது.

மற்றொன்றும் கவனத்துக்கு வந்தது. பிடித்த பியரை நாங்கள் ஒரு கிண்ணம் முழுவதும் குடித்துவிட்டு எழுதிவந்தோம், பிடிக்காததை இரண்டு மிடறில். இது நீதியா? பாம்பெர்க் நகரின் புகைப் பியரிடம் இதைச் சோதித்தோம். அங்கே ஷ்லென்கெர்லா போன்ற மதுச்சாலைகளில் பீச் மர நெருப்பில் காயவைத்த மால்ட்டைக் கொண்டு காய்ச்சுகிறார்கள். முதல் மிடறில் மாசிக் கருவாட்டைப் பியரில் ஊறவைத்தது போலிருக்கும். முதல் கிண்ணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்பது அவ்வூர் வழக்கு. அப்படியே மூன்று கிண்ணம் குடித்தோம். புகை பின்வாங்கி மால்ட்டின் இனிப்பு முன்னே வந்தது உண்மை. ஆனால் ஓயாமல் ஒரே வாசனையை நுகரும் மூக்கு களைத்து அதை உணராமல் போவதும் இயல்பு. தவிரவும் ஒரு கிண்ணம் அரை லிட்டர், மதுச்செறிவு 5.1 சதவீதம், ஒன்றரை லிட்டருக்குப் பிறகு நீதிபதியையே நம்புவதற்கில்லை. ஆகவே எதுவாயினும் ஒரே அளவு, ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொண்டோம்.

மார்ச் மாதத்தில் அந்தக் கூஸுக்குப் புதிய அட்டை எழுதினோம். எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் கலந்த புளிப்பு, மோரைப் போல அடங்குவது, வினிகர் இல்லை, ஈர வைக்கோல் வாசனை வலுவாக உண்டு, அது இவ்வகையின் இயல்பு, முடிவில் நெல்லிக்காய்த் துவர்ப்பு, பக்கத்துப் புட்டியைவிட வறண்டது, நுரை மிகுந்தது. கடைசி வரி: ‘எழுதியவர்களில் இருவருக்குப் பிடிக்கவில்லை, ஒருவர் இரண்டாவது கிண்ணம் கேட்டார்.’ கேட்டவர் கசப்பைத் தாங்காத அந்த நண்பர்தான்.

பெண்மணி படித்துவிட்டு, நெல்லிக்காய் என்றால் இங்கே யாருக்குப் புரியும் என்று அதை மட்டும் அடித்து, ‘வால்நட் தோல்’ என்று திருத்தினார். கடைசி வரியை விட்டுவிட்டார். கோடைக்குள் ஐந்து புட்டிகள் விற்றன. ஆறாவதை நாங்கள் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தோம். 20 ஆண்டுவரை வைத்திருக்கலாம் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. எங்களில் இருவருக்கு அவசரமில்லை.